என்னிடம் பூனை இல்லை

காலை ஏழு மணிக்கு நான் செய்யும் முதல் வேலை வகுப்பறைக் கதிரைகளை வட்டமாகப் போடுவது. மேற்கு லண்டனில், பழைய செங்கல் வீடுகள் மூன்றை உள்ளே சுவர் உடைத்து ஒன்றாக்கிய சின்னக் கல்லூரி ஒன்றில் போர்ட்டராக இருக்கிறேன். கதவு திறப்பது, ஹீட்டர் பார்ப்பது, பார்சல் வாங்கி வைப்பது, நிலம் துடைப்பது எல்லாம் என் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்த அன்று வகுப்பறையைத் திறந்தபோது பன்னிரண்டு கதிரைகள் வட்டமாகக் கிடந்தன. முந்தின நாள் யாருக்கோ பிறந்தநாள் கொண்டாடிவிட்டு அப்படியே விட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். படிக்க வருகிற பிள்ளைகள் எந்தப் பக்கம் பார்த்து இருப்பார்கள்? கதிரைகளை நான்கு நான்காக மூன்று வரிசையில் வைத்தேன். முன்னால் ஒரு மேசையை இழுத்துப் போட்டேன். அலுவலகத்திலிருந்து கை வைத்த கதிரை ஒன்றைத் தூக்கிவந்து மேசைக்குப் பின்னால் வைத்து, துடைத்தும் விட்டேன். ஒன்பது மணிக்கு வந்த பேராசிரியர் எட்மண்ட் இரங்கல் கூட்டத்துக்கு வந்தவர்போல் வாசலிலேயே நின்றுவிட்டார். "யாராவது இறந்துபோனார்களா?" என்று மெல்லக் கேட்டார்.

இல்லை என்றேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து திரும்பவும் வட்டமாக்கினோம். ஒரு பேராசிரியர் கதிரை தூக்கி நான் பார்த்தது அன்றுதான். இதில் உங்களுடையது எது என்று கேட்டதற்கு, எது காலியாக இருக்கிறதோ அது என்றார்.

இப்படிப்பட்ட கல்லூரியை லிபரல் ஆர்ட்ஸ் கொலிஜ் என்கிறார்கள். மொத்தமே நூற்றைம்பது பிள்ளைகள். ஒரே பிள்ளை காலையில் கணிதம் படிக்கிறது, மத்தியானம் வயலின் வாசிக்கிறது, பின்னேரம் பேச ஆளில்லாத மொழி ஒன்றில் கவிதை வாசித்து அழுகிறது. நோர்பரியில் சிவநேசன் அண்ணை இருக்கிறார். நான் லண்டன் வந்த நாளிலிருந்து எனக்கு எல்லாவற்றுக்கும் ஆலோசனை சொல்பவர் அவர்தான். அவருக்கு இதை விளங்கப்படுத்த நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

"சரி, படிச்சு முடிச்சால் என்னவா வருவினம்? டொக்டரோ?"

"இல்லை அண்ணை."

"எக்கவுண்டனோ?"

"அதுவும் இல்லை. யோசிக்கப் பழகுவினமாம்."

"மூண்டு வருஷமோ?" என்று அண்ணை கேட்டார். ஓம் என்றேன். "தாய் தேப்பன் உயிரோட இருக்கினமோ?" என்றார்.

அங்கே வேலை செய்பவர்கள் வருடத்துக்கு ஒரு பாடத்தை இலவசமாகப் படிக்கலாம் என்று ஒரு விதி உண்டு. ஒன்பது வருடமாக அந்த அறிவித்தலை நோட்டீஸ் போர்டில் குத்தியவன் நான்தான். எனக்கென்று அதை ஒருநாளும் வாசித்ததில்லை. எங்கள் ஊரான கொடிகாமத்தில் ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துபோயிற்று. அப்பா படுக்கையில் விழ, மாமாவின் பேக்கரியில் பாண் சுடும் போறணை அடுப்புக்கு முன்னால் என்னை நிறுத்தினார்கள். அதன் பிறகு நான் படித்த தமிழெல்லாம் பாண் சுற்ற வந்த பழைய பேப்பர்களில் படித்ததுதான். பல கட்டுரைகளின் முடிவு எனக்குத் தெரியாது, அந்தப் பாதி வேறு யாருடைய பாணோடோ போயிருக்கும். ஆங்கிலத்தை பஸ்ஸிலும் வேலையிடத்திலும் பொறுக்கினேன். போன வருடம் ஐம்பது வயது ஆனபோது, ஒருவரும் பார்க்காத நேரமாக விண்ணப்பத்தை நிரப்பி, அலுவலகக் கதவுக்குக் கீழால் தள்ளிவிட்டு வந்தேன். அந்தக் கதவின் திறப்பு சாவிக்கொத்தோடு என் இடுப்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பாடத்தின் பெயர் 'நல்ல வாழ்வு'. பேராசிரியர் எட்மண்ட் நடத்துவது. வாரம் ஒருமுறை, வியாழக்கிழமை பின்னேரம் மூன்றரைக்கு, பன்னிரண்டு கிழமைகள். ஹவுன்ஸ்லோவில் கடையொன்றில் வேலை செய்யும் என் மனைவி சுகிர்தா, கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "பன்னிரண்டு கிழமையில நல்ல வாழ்வைச் சொல்லித் தருவினமெண்டால், இஞ்சாருங்கோ, நானும் ஒருக்கா வரட்டோ?" என்றாள். ஆனால் வியாழக்கிழமைகளில் என் சட்டையை அவளே அயன் பண்ணி வைத்தாள். மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் போர்ட்டர் உடுப்பைக் கழற்றி அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, காலையில் நானே போட்ட கதிரை ஒன்றில் போய் இருப்பேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கிழமையில் மற்ற ஆறு நாட்களும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் போய்க்கொண்டிருந்தன.

எட்மண்ட் சேர் முதலில் இருபது நிமிடம் பேசுவார். பிறகு பிள்ளைகள் பேச வேண்டும். அவர்கள் அவரை மறித்துக் கதைப்பார்கள். பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒன்று, "எட்மண்ட், இதை நான் ஏற்கவில்லை" என்று சொல்லிவிட்டு அப்பிளைக் கடிக்கும். அவர் கோபப்படமாட்டார், சந்தோஷப்படுவார். ஏழு கிழமைகள் நான் வாயே திறக்கவில்லை. என் கணக்கில் அது மரியாதை. அங்கே பேசாமல் இருப்பதற்குப் புள்ளி குறைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது.

எட்டாவது கிழமை சோதனை வந்தது. பிள்ளைகள் கணினியைக்கொண்டு கட்டுரை எழுதுவிக்கிறார்கள் என்று பயந்து, வகுப்பிலேயே பேனாவால் எழுதும்படி சேர் சொல்லிவிட்டார். முந்தின கிழமை அவர் பேசியதுதான் தலைப்பு. அந்தப் பேச்சின் ஒலிப்பதிவு கல்லூரி இணையத்தில் இருந்தது. காதில் மாட்டிக்கொண்டு ஒரு கிழமை முழுவதும் நிலம் துடைத்தேன், படி துடைத்தேன், கண்ணாடி துடைத்தேன். நாற்பது தரமாவது கேட்டிருப்பேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்ன பாடத்தை ஒரு சொல் பிசகாமல் எழுதினால் நூற்றுக்கு நூறு. ஒரு சொல்லை மாற்றினால், "நீ என்னைவிடக் கெட்டிக்காரனோ?" என்று கேட்பார்கள். எனக்கு ஒருநாளும் அந்தக் கேள்வி வந்ததில்லை. பாடமாக்குவதில் வகுப்பில் நான்தான் முதல். நாற்பது வருடத்துக்குப் பிறகும் அந்த இயந்திரம் துருப்பிடிக்காமல் இருந்தது. ஒரு மணி நேரத்தில் சேருடைய பேச்சு முழுவதையும் இறக்கி வைத்துவிட்டு, ஐந்து நிமிடம் முன்னதாகவே எழுதி முடித்தேன்.

மூன்று நாளில் மின்னஞ்சல் வந்தது. 'அக்கடமிக் மிஸ்கொண்டக்ட்' என்று இருந்தது. முதல் சொல் விளங்கவில்லை. இரண்டாவது சொல், ஒழுங்கீனம் என்பது, என் வேலை ஒப்பந்தத்தில் இருக்கிறது, அதற்குப் பிறகு வரும் வசனம் வேலைநீக்கம் பற்றியது. சுகிர்தா என் முகத்தைப் பார்த்துவிட்டு போனை வாங்கி வாசித்தாள்.

"இது பொம்பிளைப் பிரச்சினை ஏதுமோ?"

"ஐயோ, இல்லையப்பா."

"அதுதானே, உங்களுக்கு அதுக்கெல்லாம் வாய் வேணுமே" என்று போனைத் திருப்பித் தந்தாள்.

சிவநேசன் அண்ணைக்குப் போன் அடித்துச் சொன்னேன். அவர் பதறவே இல்லை. "நீர் ஒண்டுக்கும் பயப்படாதையும். விசாரணை எண்டால் எங்களுக்கென்ன புதுசோ? முதல் நாள் சொன்ன கதையைக் கடைசி மட்டும் சொல்லும், மாத்தாதையும். எல்லாப் பேப்பரையும் கொண்டுபோம். ஒரிஜினலும் கொண்டுபோம், கொப்பியும் கொண்டுபோம்."

அப்படியே செய்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் ஒரு கிளாஸ் தண்ணீர். அகதி விண்ணப்பம் கொடுத்த காலத்தில் குரோய்டனில் இதே காட்சியைப் பார்த்திருக்கிறேன். நடுவில் விசாரணைக் குழுவின் தலைவி, வெள்ளை முடியை ஆண்பிள்ளைபோல் வெட்டிய அம்மா. ஒரு பக்கம் குறிப்பெடுக்கும் இளைஞர், மறுபக்கம் எட்மண்ட் சேர். என்னைவிடச் சேர்தான் கவலையாக இருந்தார். அவர்கள் ஒன்றும் கேட்பதற்கு முன்பே நான் பைலைத் திறந்து பாஸ்போர்ட், கவுன்சில் டாக்ஸ் பில், காஸ் பில், மூன்று மாதச் சம்பளத் துண்டுகள், கலியாணப் பதிவு என்று ஒழுங்காக அடுக்கினேன்.

"இது ஏன்?" என்று தலைவி காஸ் பில்லைத் தூக்கிக் கேட்டார்.

"முகவரிக்கு, மேடம்."

அதை அவர் மரியாதையாகத் திரும்ப வைத்தார். என் வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நான் தொடர்ந்து வகுப்பில் இருக்கலாமா என்பது மட்டும்தான் கேள்வி என்றார். ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வேலை போனால் வேறு வேலை தேடத் தெரியும்.

அவர் என் கட்டுரையை எடுத்தார். "உங்களிடம் பூனை இருக்கிறதா?"

"இல்லை, மேடம்."

"மூன்றாம் பக்கத்தில் 'என் பூனை இதற்கு உடன்படாது' என்று எழுதியிருக்கிறீர்களே."

"அது சேருடைய பூனை."

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாத்தியார் சொன்னதில் எது வேண்டும், எது வேண்டாம் என்று தீர்மானிக்க நான் யார் என்றுதான் பூனையையும் சேர்த்து எழுதியிருந்தேன். மேசைக்குக் கீழே போன் வைத்திருந்தேனா என்று இளைஞர் கேட்டார். இல்லை, நெஞ்சில் இருந்தது என்றேன். அவர்களுக்கு அது விளங்கவில்லை. கதையை மாற்றக்கூடாது என்று அண்ணை சொன்னது ஞாபகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினேன். நல்ல வாழ்வு என்றால் என்ன என்பதில் தொடங்கி, ஒருவர் தாமே தெரிவுசெய்த வாழ்வுதான் நல்ல வாழ்வாக முடியும் என்பதற்கு வந்து, பூனையைக் கடந்து, இடையில் சேர் இரண்டு தரம் தொண்டையைச் செருமியதையும் செருமி, அவர் மூச்சு வாங்கிய இடங்களில் நானும் மூச்சு வாங்கிச் சொன்னேன். என் குரல் நடுங்கவில்லை. அது என்னுடைய பேச்சு இல்லைத்தானே. பாதியில் கண்ணைத் திறந்தபோது இளைஞரின் பேனா நின்றிருந்தது. சேரின் காது சிவந்திருந்தது.

"நான் உண்மையிலேயே இத்தனை தரம் 'இன் எ சென்ஸ்' சொல்கிறேனா?" என்று கேட்டார்.

"இருபது வருடமாக, எட்மண்ட்" என்றார் தலைவி.

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கள் களவு செய்யவில்லை என்று விளங்குகிறது. ஆனால் இதில் உங்களுடையது ஒன்றும் இல்லை. அவர் சொல்வதோடு நீங்கள் உடன்படுகிறீர்களா?"

"அவர் சேர், மேடம்."

மூன்று பேரும் கொஞ்சம் குசுகுசுத்தார்கள். தீர்ப்பு இதுதான்: தண்டனை இல்லை, சோதனைக்குப் புள்ளியும் இல்லை. வரும் வியாழக்கிழமை வகுப்பில், எல்லோருக்கும் முன்னால், என்னுடைய சொந்தக் கருத்து ஒன்றைச் சொல்ல வேண்டும். சொன்னால் தொடர்ந்து இருக்கலாம். சொல்லாவிட்டால் என் இடம் போய்விடும். எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். வாயால் என்றார்கள். தண்டனையே தந்திருக்கலாம்.

அந்தக் கிழமை முழுவதும் துடைப்பமும் கையுமாக என் கருத்தைத் தேடினேன். இதுவரை ஒருவரும் கேட்டதில்லை, அதனால் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. "ஏதும் ஒண்டைச் சொல்லுமன். மழை வரும் எண்டு சொல்லும், லண்டனில அது பிழைக்காது" என்றார் சிவநேசன் அண்ணை. சுகிர்தா மட்டும் சாப்பாட்டு மேசையில் என்னை இருத்தி, "அந்த மனுசன் என்னதான் சொன்னவர்? எனக்குச் சொல்லுங்கோ பாப்பம்" என்றாள். நல்ல வாழ்வென்றால் தானே தெரிவுசெய்த வாழ்வாம் என்று சொன்னேன். அவள் சோற்றைப் பிசைந்தபடி, "அப்ப எங்கடையை என்னெண்டு சொல்லுறது?" என்று கேட்டாள். பகிடியாகக் கேட்கிறாள் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை வந்தது. சேர் என்னைப் பார்க்காமல் இருக்கப் பெரும் முயற்சி எடுத்தார். "தெரிவு இல்லாத வாழ்வு, இன் எ..." என்று தொடங்கி, நிறுத்தி, விழுங்கினார். அந்த இடைவெளியில் என் குரல் கேட்டது.

"சேர், யூ ஆர் ரோங்."

பதினொரு முகங்களும் திரும்பின. இனி நிறுத்த முடியாது. நான் சொன்னேன்: பேக்கரிக்கு என்னை அனுப்பியது மாமா. ஊரைவிட்டு அனுப்பியது நாட்டில் நடந்த சண்டை. நான் போக இருந்தது கனடாவுக்கு. ஏஜென்ட் லண்டனில் இறக்கிவிட்டு இதுதான் என்றான், பனி கொட்டியதால் நானும் இரண்டு நாள் நம்பினேன். என் மனைவியைப் பார்த்து முடிவுசெய்தது அவளுடைய சித்தப்பா. இந்த வேலை, வேறொருவருக்குச் சுகமில்லாமல் போனதால் கிடைத்தது. என் வாழ்க்கையில் ஒன்றையும் நான் தெரிவுசெய்யவில்லை. ஆனால் என் மனைவி சமைத்துவிட்டு நான் வரும்வரை சாப்பிடாமல் இருக்கிறாள். அதைக் கெட்ட வாழ்வு என்று நீங்கள் சொல்ல முடியாது. நானாகத் தெரிவுசெய்தது இந்த வகுப்பு ஒன்றைத்தான். ஒன்பது கிழமையாக எனக்கு வயிற்றுவலி.

முதலில் சிரித்தது சேர்தான். பிறகு வகுப்பு முழுவதும் சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது அவர் தன் கொப்பியை எடுத்து, நான் சொன்னதை எழுதத் தொடங்கினார். "கனடாவுக்குப் பிறகு என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டு, கேட்டு எழுதினார். எழுதி முடித்ததும் அடுத்த கிழமை வாசிக்க வேண்டிய தாள்களில் ஒன்றை எனக்கும் நீட்டினார்.

அதை வாங்க நான் கையை விரிக்கும்போதுதான் கவனித்தேன். கைகள் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டியிருந்தன. நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது. வாத்தியார் சொன்னது பிழை என்று சொன்ன வாய் மட்டும்தான் லண்டனில் இருந்திருக்கிறது, கழுத்துக்குக் கீழே முழுவதும் கொடிகாமத்தில் ஐந்தாம் வகுப்பில் நின்றிருக்கிறது. பக்கத்தில் இருந்த பிள்ளை என் சட்டைக் கையை மெல்லக் கதிரைப் பக்கம் இழுத்து, இனி இருக்கலாம் என்றது. எனக்கு நன்றாகக் கேட்டது. ஆனால் அதைச் சேர் சொல்லவில்லையே.