தண்ணீரில் வைத்துப் பார்க்காமல் எதையும் கொடுக்காத ஜெசிந்தா அக்கா

பசறையிலிருந்து பதுளைக்கு வரும் காலை பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். ஜெசிந்தா அக்காவின் வீட்டுக்காரர் அந்தோணி அண்ணன் போனில் கூப்பிட்டார்.

"சரசு, கடைக்குப் போகாத. நேரா தெமோதரைக்கு, வீட்டுக்கு வா."

"ஏன்ணே, அக்காவுக்குக் காய்ச்சலா?"

"அக்கா செத்துப் போச்சும்மா. தேத்தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தா, அப்படியே சரிஞ்சிட்டா. மாரடைப்புன்னு சொல்றாங்க."

"நேத்து அஞ்சு மணிக்கு நாங்க ஒண்ணாத்தானேண்ணே கடையப் பூட்டுனோம்" என்றேன். அதைச் சொன்னால் அண்ணன் சொன்னது இல்லை என்று ஆகிவிடும் போல.

பதுளையில் இறங்கியதும் கால் தன்பாட்டில் கடைக்குப் போய்விட்டது. கதவைத் திறந்தேன், மேசையைத் துடைத்தேன், அக்காவின் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். பக்கத்துக் கடைக்காரர் வந்து, "ஏம்மா, நீ சாவு வீட்டுக்குப் போகலையா?" என்று கேட்ட பிறகுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. இன்றைக்குப் பத்து நாள். இன்னும் எனக்கு அது முழுதாகத் தெரியவில்லை.

கோயிலில் கொடுக்கப் போகும் நினைவு மலருக்கு என்னையும் எழுதச் சொன்னார் அண்ணன். நான் ஐந்தாம் வகுப்புதான் படித்தேன். ஆனாலும் நான்தான் எழுத வேண்டும். அக்காவின் பேரில் ஒரு பழி நிற்கிறது. அது அவருடையது இல்லை.

அக்காவை நான் முதலில் பார்த்தது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் எரிந்துபோன ஒரு ஃபேனை அவர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு. மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற பொம்பளையை அதற்கு முன் நான் கண்டதில்லை. ஃபேனைச் சுற்றி நான் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்துவிட்டு, "யாரு இத இவ்வளவு இறுக்கிக் கட்டுனது?" என்று கேட்டார்.

"நான்தாங்க. ஏங்க?"

"கொழுந்து எடுத்த வெரலு. கம்பி சுத்த வாறியா?"

அப்படித்தான் மலையிலிருந்து இறங்கி அவரோடு வேலைக்குச் சேர்ந்தேன். ஃபேன், பிளெண்டர், தண்ணி மோட்டார் என்று போய்க்கொண்டிருந்த கடைக்குக் கொஞ்ச நாளில் படகுகளும் வந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துக் குளத்தில் ரிமோட்டில் படகு ஓட்டுகிற பெரிய மனிதர்கள் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள். ஒரு முழம் நீளப் படகுதான். சத்தமோ தேன்கூடு கலைந்த மாதிரி இருக்கும்.

அந்தப் படகில் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி உண்டு. அதுதான் கண்ட்ரோலர். வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அதுதான். மோட்டார் கேட்கிற கரண்டைத் தாங்காத பெட்டியைப் போட்டால் பெட்டி எரிந்துவிடும். அக்கா நாற்பது அம்பியர் கேட்கிற மோட்டாருக்கு அறுபது தாங்குகிற பெட்டி போடுவார். "எல்லாரும் சாப்பிட்ட பெறகும் சட்டியில கொஞ்சம் சோறு கெடக்கணும் சரசு" என்பார்.

மோட்டாரின் மேல் எழுதியிருப்பதை அவர் நம்பவே மாட்டார். படகைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, பின்பக்கத்தைக் கயிற்றால் கட்டி, முழு வேகத்தில் ஓட விட்டு மீட்டரைப் பார்ப்பார். வெறும் காற்றில் சுற்றிப் பார்க்கக் கூடாது என்பது கடைச் சட்டம். "காத்துல சுத்துற மோட்டாரு பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ள மாதிரி. கொணம் தெரியாது. தண்ணில எறக்கு, அப்ப தெரியும் எவ்வளவு திம்பான்னு." அந்தோணி அண்ணன் பக்கத்தில் இருந்தால் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை அக்கா பெரகலைக்குக் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார். ஃபெக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற லோரன்ஸ் ஐயா தன் படகையும் ஒரு புதிய விசிறியையும் த்ரீவீலரில் கொடுத்தனுப்பியிருந்தார். விசிறி என்றால் படகின் பின்னால் தண்ணீரைத் தள்ளுவது. பழையதைவிடப் பெரியது. மாற்றிக் கொடுக்க வேண்டும், மறுநாள் காலை போட்டி. "சீக்கிரம் குடுங்க, ஐயா கத்துவாரு" என்று டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார்.

மாட்டினேன். தொட்டியில் தண்ணீர் இல்லை. கையில் பிடித்தபடி ஓட்டி மீட்டரைப் பார்த்தேன். ஐந்துதான் காட்டியது. அக்கா போட்ட, அறுபது தாங்குகிற பெட்டிக்கு ஐந்தா என்று சந்தோஷப்பட்டுக் கொடுத்தனுப்பிவிட்டேன்.

மறுநாள் குளத்து நடுவில் அந்தப் படகு புகைந்தது, எரிந்தது, முங்கியது. கல்யாணத்திலிருந்து திரும்பியிருந்த அக்காவும் நானும் கரையில் அத்தனை பேரோடும் பார்த்துக்கொண்டு நின்றோம். லோரன்ஸ் ஐயா அக்காவிடம் வந்து, "என்னம்மா வேலை இது?" என்று சத்தம் போட்டார். அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "என் கைதாங்க ஐயா. தண்ணில வச்சுப் பாக்காம குடுத்துட்டேன்" என்றார். பின்னால் யாரோ, "பொம்பளைக்குத் தையல் மெஷின் மோட்டாரு போதும்" என்று சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அதன் பிறகு ஒரு படகும் கடைக்கு வரவில்லை.

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?" என்று பஸ்ஸில் அழுதேன்.

"ஒன் பேரச் சொன்னா, இவள வேலைய விட்டு நிறுத்துன்னு நிப்பாங்க. என்னைய யாரு நிறுத்துவா?"

எட்டு மாதம் நான் வாயைத் திறக்கவில்லை. கடைசி நாள் கடையைப் பூட்டும்போதுதான், "இந்த ஞாயித்துக்கெழம குளத்துக்குப் போயி நான்தான்னு சொல்லிடுறேன்க்கா" என்றேன்.

"சொல்லு. ஆனா ஏன் எரிஞ்சதுன்னு மொதல்ல சொல்லு, யாருன்னு பெறகு சொல்லு. மன்னிப்பு மட்டும் கேட்டுட்டு வந்தா, இன்னொருத்தன் படகும் எரியும்."

நான் சொல்ல இருந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவை அடக்கம் செய்தோம். லோரன்ஸ் ஐயாவும் மலர்வளையத்தோடு வந்திருந்தார். சவப்பெட்டியருகில் நின்று, "நல்ல கைம்மா. ஒரே ஒரு தடவதான் தவறிச்சு" என்றார். அன்றைக்கும் என் வாய் திறக்கவில்லை. பெட்டியை மூடிவிட்டார்கள்.

லோரன்ஸ் ஐயா, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். பெரிய விசிறி தண்ணீரை அதிகம் தள்ளும். அதிகம் தள்ளினால் மோட்டார் அதிகம் கேட்கும். காற்றில் ஐந்து காட்டியது, தண்ணீரில் அறுபதைத் தாண்டியிருக்கும். பெட்டி தாங்கவில்லை. அதனால்தான் எரிந்தது. விசிறியை மாட்டியது நான், சரஸ்வதி. அக்கா அன்றைக்குப் பெரகலையில் இருந்தார். அவர் கை ஒரு தடவையும் தவறவில்லை.

தெமோதரைக் கல்லறையில் மழையில் மண் வழுக்கியது. ஆளுக்கு ஒரு பிடி போட்டார்கள். என் பிடி ஈரத்தில் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது. இன்னொரு கையால் வழித்துத்தான் போட்டேன்.

போயிட்டு வாங்க அக்கா. காரணத்தை முதலில் சொல்லிவிட்டேன்.