‘தாண்டி’ இல்லாத பிளக்ஸ்

எங்கள் ஊரில் செய்தித்தாளுக்கு முன்னால் பிளக்ஸ் வந்துவிடும். யார் செத்தார், எந்த வீட்டில் பெண் சமைந்தாள், எந்தக் கட்சிக்கு யார் வட்டச் செயலாளர், எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்பதெல்லாம் சவுக்குக் கம்பில் கட்டப்பட்டு, துறைமுகச் சாலையின் லாரிக் காற்றில் படபடத்தபடிதான் எங்களுக்குத் தெரியவரும். உப்புத்தூசியும் நிலக்கரித்தூசியும் மாறி மாறிப் படிய, சிரிக்கிற முகங்களுக்குச் சீக்கிரமே வயதாகிவிடும். பிறகு யாராவது அவிழ்த்துக்கொண்டு போய்க் கூரை மேல் போடுவார்கள். ஊரின் பழைய செய்திகளுக்குக் கீழேதான் ஊர் மழைக்கு ஒதுங்குகிறது.

அந்த முகங்களுக்கு அடியில் வருகிற சொற்களை எழுதுகிறவள் நான். தம்பியின் பிளக்ஸ் கடையில் முற்பகல் நேரங்களில் உட்கார்ந்து, வருகிறவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லச் சொல்ல ஒற்றுப்பிழை இல்லாமல் தட்டித்தருவேன். கவிதை என்று நான் எழுதுவதைச் சிறுபத்திரிகையில் நாலு பேர் படிக்கிறார்கள். கண்ணீர் அஞ்சலி என்று எழுதுவதை ஊரே படிக்கிறது. இதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. அது போதாமல் ஒரு பதற்றமும் உண்டு. ஓர் இடத்தில் இருந்தால் இன்னோர் இடத்தை நினைக்கிற புத்தி எனக்கு. கடையில் இருக்கும்போது கடல், கடலுக்குப் போனால் கடை.

அன்று காலை வாட்ஸப்பில் செய்தி வந்திருந்தது. எங்கள் கடற்கரையில் இருந்து போன ஒரு நாட்டுப்படகை அக்கரை நாட்டு ரோந்துப் படகு பிடித்து, ஆட்களைக் கற்பிட்டிப் பக்கம் கொண்டுபோய்விட்டது. கொஞ்ச நேரத்தில் ஊர்க் கமிட்டித் தலைவர் கடைக்குள் வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஜெபமாலை, கையில் அணையாத போன்.

“ஏம்மா, ஆர்ப்பாட்டத்துக்குப் பெரிய போர்டு வேணும். சுருக்குன்னு தைக்கிற மாதிரி எழுதணும். நான் ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன். கடல்ல ஏது கோடு, தாண்டினா என்ன கேடு. எப்படி?”

நன்றாகத்தான் இருந்தது. வாயில் போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் தட்டிக் கொட்டினால் இன்னும் நிற்கும் என்று தோன்றியது. ‘கடலில் யார் போட்ட கோடு? தாண்டினால் ஏன் இந்தக் கேடு?’ என்று தட்டிக் காட்டினேன். தலைவர் இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். அச்சு எந்திரத்தருகே நின்றிருந்த தம்பிகூடத் திரும்பிப் பார்த்தான்.

பிடிபட்டவர்களின் படங்களை வாட்ஸப்பில் வாங்கினோம். ஒருவர் கல்யாண மாலையோடு இருந்தார், ஒருவர் ஆதார் அட்டையில் முறைத்தார். படகை ஓட்டிப்போன டிரைவர், யாரோ ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்தில் கேக் ஊட்டியபடி இருந்தார். குழந்தையையும் கேக்கையும் வெட்டிவிட்டு அவரை நடுவில், மற்றவர்களைவிடப் பெரிதாக வைத்தான் தம்பி. கடற்கரைச் சாலை முக்கில், கடலைப் பார்த்து, கிழக்கு முகமாகக் கட்டினார்கள். மதியத்துக்குள் அதன் படம் எல்லாருடைய போனுக்கும் போய்விட்டது.

மறுநாள் முற்பகலில் ஒரு பெண் கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். நண்டுக் கம்பெனியில் சதை பிரிக்கிற வேலை. கையுறைக்குள்ளேயே கிடந்து விரல்கள் வெளுத்திருந்தன. அந்த டிரைவரின் மனைவி என்று தம்பி மெதுவாகச் சொன்னான்.

“முக்குல நிக்கிறத எழுதுனது யாரு?”

“நான்தான்” என்றேன்.

“நல்லாத்தான் எழுதியிருக்கிய யக்கா. வாசிச்சதும் எனக்கே ஆவேசம் வந்துட்டு. பெறகு ரெண்டாந்தரம் வாசிச்சேன்.” நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை. “தாண்டினால் ஏன் இந்தக் கேடுன்னு போட்டிருக்கிய. அப்ப எங்க வீட்டுக்காரரு தாண்டிட்டாருன்னு நாமளே ஒத்துக்கிட்டோமா?”

“அது கேள்விதானேம்மா.”

“கேள்விதான். ஆனா அதுக்குள்ளயே பதிலும் கெடக்கே.”

திரையில் அந்த வரியை மறுபடி படித்தேன். அவளே சொன்னாள். அவள் கணவர் முன்பும் ஒரு தடவை அங்கே பிடிபட்டவர். அப்போது கோர்ட்டில் எச்சரித்து அனுப்பியிருந்தார்கள். மறுபடி எல்லை தாண்டி வந்தால் சிறைதான் என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். இந்தத் தடவை இஞ்சின் நின்றுபோனது, காற்று இழுத்துக்கொண்டு போனது என்று அவர் சொன்னால்தான் வழி உண்டு. அதைத்தான் அவர் சொல்வார். அங்கே அவர் அப்படிச் சொல்லும்போது, இங்கே அவர் படத்துக்குக் கீழே அவர் ஊர்க்காரர்களே வேறொன்றைச் சொல்லிக்கொண்டு நின்றால் என்ன ஆவது?

“அங்க வரைக்கும் யாரு பாக்கப்போறா?” என்றான் தம்பி.

“அங்கன தமிழ் வாசிக்க ஆளு இல்லன்னு நெனச்சியளா? போன தடவ ஜெயில்ல காவலுக்கு நின்னவரே தமிழ்தானாம். நம்மள மாதிரியே மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏத்துதவராம். வாட்ஸப்புக்கு ஏது யக்கா கோடு?”

என்னுடைய வரி என்னிடமே திரும்பி வந்தது, வேறு ஒரு கடலைச் சுற்றிவிட்டு.

தலைவருக்குப் போன் போட்டேன். பக்கத்து டீக்கடையில்தான் இருந்தார், உடனே வந்துவிட்டார். அவளைப் பார்த்ததும் விஷயம் புரிந்திருக்க வேண்டும்.

“ஏளா, ஒம் புருஷனுக்காவதான் நான் தொண்ட கிழியக் கத்துதேன். பாவமா எழுதுனா கலெக்டர் ஆபீஸ்ல மனுவோட மனுவாப் போயிரும். கோவமா எழுதுனாத்தான் கேமராவத் தூக்கிட்டு வாரான்.”

“கேமரா வந்தா உங்க மொகம் தெரியும் மாமா. அவரு மொகம் உள்ளயே கெடக்கும்.”

தம்பி எந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். தலைவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

“அப்பம் அவன் படத்த மட்டும் எடுத்துருவோமா?”

“எடுத்தா, ஓட்டுனவன் படம் மட்டும் ஏன் இல்லன்னு கேக்க மாட்டாவளா?”

“ஒன்னயக் கமிட்டியில போட்டிருக்கணும்ளா.”

“பொம்பளயப் போடுத கமிட்டியா அது?”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. தலைவர் வெளியே போய் மற்ற வீடுகளுக்கெல்லாம் போன் செய்தார். ஒரு வீட்டில் மட்டும், ‘இவ ஒருத்திக்காக நம்ம கோவத்த அழிக்கணுமா’ என்று கேட்டார்களாம். அந்த வீட்டுப் பையனும் உள்ளேதான் இருந்தான். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. கடைசியில் அந்த வரியின் மேல் வேறு வரியை ஒட்டி மறைப்பது என்று முடிவானது.

வேறு வரியை நான்தான் எழுத வேண்டும். ‘அலை அழைத்துச் சென்ற’ என்று தொடங்கினேன். பக்கத்தில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தலையை ஆட்டினாள்.

“அலையெல்லாம் ஒண்ணும் கூப்பிடல யக்கா. இஞ்சின் நின்னுபோச்சு. மேக்க இருந்து கச்சான் காத்து இழுத்துட்டுப் போச்சு. அவ்வளவுதான்.”

‘இஞ்சின் பழுதாகி, காற்றில் இழுத்துச் செல்லப்பட்ட எங்கள் மீனவர்களை மீட்டுத் தாருங்கள்’ என்று தட்டினேன். ஓர் எதுகை இல்லை, ஒரு வீச்சு இல்லை. வெள்ளைப் பட்டையில் சிவப்பு எழுத்து. மையின் சூடு ஆறுவதற்குள் சுருட்டிக்கொண்டு மூன்று பேரும் முக்குக்குப் போனோம்.

தம்பி ஏணியில் ஏறி ஒட்டினான். கீழே நாங்கள் இருவரும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கண்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் பிளக்ஸ் புடைத்து, அவள் கணவரின் கன்னம் உப்பி அடங்கியது. அந்த முகத்தைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்டிருக்க வேண்டாம், கேட்டுவிட்டேன். “இஞ்சின்ல முன்னாடியே ஏதும் கோளாறு இருந்துதா?”

லாரி போய்ச் சாலை ஓய்ந்த பிறகு சொன்னாள். “தாண்டித்தான் இருப்பாரு. இந்தப் பக்கம் என்ன இருக்கு, வெறுங்கடலு. அது எனக்குத் தெரியும் யக்கா. உங்க போர்டுக்குத் தெரிய வேண்டாம்.”

ஏணியின் கம்பி என் கையில் சுட்டது. இத்தனை நேரம் ஒரு பொய்யிலிருந்து அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். கடலின் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அதை யாரும் பார்த்ததில்லை. அந்தப் பக்கமும் நம் பாஷையில் பிள்ளையை அதட்டுகிற, நம் மாதாவிடம் அழுகிற ஒருத்தி இருப்பாள். எங்கள் படகுகள் வந்து அவள் வீட்டு மீனை அள்ளிப் போவதாகச் சொல்வாள். அவள் ஊர் முக்கிலும் ஒரு போர்டு நிற்கும். அதை எழுதித் தருகிறவளும் ஒற்றுப்பிழை பார்ப்பாள். அந்த வரிகளில் ‘தாண்டி’ என்ற சொல் இருந்தே தீரும். எங்கள் வரிகளில் இருக்கக் கூடாது. ஒரே சொல். ஒரு கரையில் அது குற்றச்சாட்டு, இன்னொரு கரையில் வாயைத் திறக்காமல் விழுங்க வேண்டிய எச்சில். இதற்கு மேல் யோசிக்க முடியாமல், “ஓரத்தை நல்லா அழுத்துடா” என்று மேலே பார்த்துச் சொன்னேன்.

ஆர்ப்பாட்டம் அன்று மாலை அந்த முக்கிலேயே நடந்தது. தலைவர் தொண்டை கிழியக் கத்தினார். அவருடைய வரியை மட்டும் சொல்லவில்லை, அதற்காக அவரை எனக்குப் பிடித்துப்போனது. அவள் பெண்களின் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளூர்ச் சேனல்காரர் சாலையின் எதிர்ப்பக்கம் நின்று படம் எடுத்தார்.

வீட்டுக்கு வந்து போனில் அந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் கவனித்தேன். போர்டு கிழக்கைப் பார்த்து நிற்கிறது. மாலை வெயில் அதன் முதுகில். வெயில் ஊடுருவியதில் வெள்ளைப் பட்டைக்கு அடியில் இருந்த பழைய எழுத்துகள் சாம்பல் நிறத்தில் மேலே வந்திருந்தன. விரலால் பெரிதாக்கினேன். ‘இழுத்துச் செல்லப்பட்ட’ என்பதன் பின்னால், தண்ணீருக்கு அடியில் கிடக்கிற ஆள் மாதிரி, ‘தாண்டினால்’ கிடந்தது. தெரிந்து பார்த்தால் தெரியும். தெரியாமல் பார்த்தால் ஒருவேளை தெரியாது. மறுநாள் விடிந்ததும் தம்பியை அனுப்பிப் பிளக்ஸை அவிழ்க்கச் சொன்னேன். படம் அதற்குள் எங்கெங்கோ போயிருந்தது.

பிறகு மனு, தலைவரின் போன் அழைப்புகள், ‘பேசிட்டிருக்காவ’ என்ற ஒரே பதில். கோர்ட்டில் தவணை, மறுபடி தவணை. ஒருநாள் தலைவர் கடைக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“எல்லாரையும் விட்டாச்சு. டிரைவரு மட்டும் உள்ள. ரெண்டாந்தடவைங்கதால தண்டனை போட்டுட்டான்.”

“நம்ம போர்டு…” என்று இழுத்தேன்.

“சே, அதெல்லாம் இருக்காதும்மா. பழைய கேஸ் இருக்குல்ல. அதப் பாத்திருப்பான்.” நேராக என்னைப் பார்க்காமல், தம்பி மேசையிலிருந்த மக்ரூன் பொட்டலத்தில் ஒன்றை எடுத்து, கடிக்காமலே திரும்ப வைத்தார். “நாளைக்கு மத்தவனுவ வாரானுவ. வரவேற்பு போர்டு ஒண்ணு போட்ரு. சந்தோஷமா இருக்கட்டும்.”

மற்ற வீடுகளில் சந்தோஷம் உண்மைதானே. தட்ட ஆரம்பித்தேன். தம்பி பழைய கோப்பைத் திறந்து நடுவிலிருந்த படத்தை அழித்தான். மிச்ச முகங்களை நகர்த்தி இடைவெளியை மூடினான். ‘தாயகம் திரும்பும்’ என்பதோடு நின்றுபோனேன். அடுத்த சொல் வரவில்லை.

அப்போது அவள் வந்தாள். கம்பெனி முடிந்து நேரே வந்திருக்க வேண்டும், நண்டு வாடை அடித்தது. யாரும் கூப்பிடவில்லை, யாரும் எதுவும் சொல்லவும் இல்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, என் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் படித்தாள். நடுவில் இடம் இல்லாமல் போனதையும் பார்த்திருப்பாள்.

“யக்கா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளும்மா.”

“சேனல்காரரு எடுத்த போட்டோவுல, அடியில இருந்த எழுத்து ஏதும் தெரிஞ்சுதா? கம்பெனியில ஒருத்தி தெரிஞ்சுதுங்கா.”

தம்பியின் கை மௌஸின் மேல் நின்றது. அந்தப் படம் என் போனில் இருந்தது. போன் மேசையில் குப்புறக் கிடந்தது.

“தெரியல” என்றேன். “நானும் பெருசாக்கிப் பாத்தேன். தெரியல.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நம்பினாளா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

“அப்ப சரி” என்றாள். பிறகு திரையைக் காட்டி, “திரும்பும்னுட்டு நிப்பாட்டிட்டிய. எழுதுங்க யக்கா, அவுக வீட்டுல எல்லாம் காத்துக் கெடப்பாவ” என்றாள்.

நான் எழுதினேன். எழுதி முடிக்கும்வரை அவள் அங்கேயே நின்றாள்.