சந்தனம் அண்ணன் குரல் கொடுத்த படம்

வட்டகொடைப் பக்கமிருந்து விறகு ஏற்றி வந்த லொறி ஹட்டனில் எங்கள் பள்ளிக்கூட வாசலில் நின்றது. சாரதி இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, "வாத்தியாரே, ஆஸ்பத்திரி சந்தனம் போயிட்டாரு. நாளைக்குக் காலையில எடுக்குறாங்க. உங்ககிட்ட சொல்லச் சொல்லி அழகம்மாதான் அனுப்பிச்சு" என்றார். அவர் போன பிறகு வகுப்புக்குத் திரும்பி, பாதியில் விட்ட கணக்கைப் பலகையில் முடித்தேன். விடை தப்பு என்று ஒரு பிள்ளை சொன்ன பிறகுதான் என் கை என்ன எழுதியது என்று பார்த்தேன்.

வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பதினோரு வருஷம் நான் வாத்தியாராக இருந்தேன். சந்தனம் அண்ணனை அங்கேதான் அறிந்தேன். என்னைவிட நன்றாக அவரை அறிந்தவர்கள் உங்களில் பலர் உண்டு. ஆனால் அவருடைய வாழ்க்கையில் நடந்த ஒரு காரியத்துக்கு நானே காரணம். அதனால் எழுத வேண்டியவனும் நானே.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவருக்கு மருந்து கலக்கும் வேலை இல்லை, ஊசி போடும் வேலை இல்லை. நோயாளியைத் தூக்கி வருவதுதான் வேலை. மேல் டிவிசனில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களிலிருந்து ரோட்டுக்கு வர இரண்டு மைல் இறக்கம். ஒரு ஆடி மாதத்து மழையில் பிள்ளை பிறக்காமல் கிடந்த ஒரு பெண்ணை ஸ்ட்ரெச்சரில் கொண்டு வந்தார்கள். பாதி வழியில் கொழுந்து நிறுக்கும் மடுவம் ஒன்று இருந்தது. மற்ற மூவரும் அங்கே கொஞ்சம் இறக்கி வைக்கலாம் என்றார்கள். ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் குடை பிடித்து வந்தவன் நான். சந்தனம் அண்ணன் நிற்கவே இல்லை. "கீழ வைக்கக் கூடாது. தோள் வலிச்சா ஆள் மாத்துங்க, கீழ மட்டும் வைக்காதீங்க" என்றார். அவ்வளவு கோபமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்தப் பிடிவாதத்தை அவருடைய கடமை உணர்ச்சி என்று எண்ணி அன்று நான் வியந்தேன்.

அவர் பட்டாளத்துக்குப் போய் வந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். உலக யுத்தக் காலத்தில் தமையன் கல்யாணத்துக்கு இந்தியாவில் திருச்சிப் பக்கத்து ஊருக்குப் போனார். கூடப் போனவர் பக்கத்து லயத்துக் காளிமுத்து. அங்கே இருவரும் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். பர்மா எல்லைக் காட்டில் காயம்பட்டவர்களைத் தூக்கும் பிரிவில் ஒரே ஸ்ட்ரெச்சரின் முன்பிடி ஒருவர், பின்பிடி ஒருவர். யுத்தம் முடிந்து சந்தனம் மட்டும் திரும்பி வந்தார்.

காளிமுத்துவின் மனைவி அழகம்மா சிறு மகளோடு தோட்டத்தில் இருந்தாள். காணாமற் போய்விட்டார், இறந்ததாகக் கருதப்படுகிறார் என்று மட்டும் அவளுக்குப் பட்டாளத்துக் கடிதம் வந்திருந்தது. வந்த அன்றே சந்தனம் அவளிடம் போய், காளிமுத்து காய்ச்சலில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இறந்தான், நான்தான் வாயில் தண்ணீர் விட்டேன், பங்குனி அமாவாசையன்று போனான் என்று சொன்னார். அந்தக் கடிதத்தைவிட அந்த வார்த்தைதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. வருஷா வருஷம் பங்குனி அமாவாசையில் அவள் படையல் வைத்தாள். சந்தனம் விறகு வெட்டிக் கொடுப்பார், கூரைத் தகரம் பறந்தால் அடித்துக் கொடுப்பார். படையல் சோறு சாப்பிட மட்டும் ஒருமுறையும் போனதில்லை. அன்று அவருக்கு எப்போதும் வயிற்றுவலி.

இலங்கைப் பிரஜாவுரிமைக்கு அவருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவனும் நான். விசாரணைக்கு அவரோடு நுவரெலியாவுக்குப் போனேன். பட்டாளத்து விடுதலைப் பத்திரத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அதிகாரி அதை வாசித்தார், மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். இத்தனை வருஷம் இடைவிடாமல் இந்த நாட்டில் வசித்திருக்க வேண்டும் என்பது சட்டம், இந்தப் பத்திரமே நீ வேறு நாட்டில் இருந்தாய் என்பதற்குச் சாட்சி என்றார். திரும்பி வரும்போது ரயிலில் அண்ணன் ஒன்றுதான் சொன்னார்: "சண்டைக்குப் போறப்ப, நீ எந்த நாட்டுக்காரன்னு ஒருத்தனும் கேக்கல வாத்தியாரய்யா."

இனி அந்தப் படத்தின் விஷயம்.

எங்கள் தோட்டத்துத் துரையும் யுத்தத்தில் இருந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலுக்குக் கொழும்பிலிருந்து படக்கருவியோடு ஒரு வேனை வரவழைத்தார். பர்மா யுத்தத்தைப் பற்றிய ஆங்கிலப் படம். பள்ளிக்கூட ஜன்னல்களிலும் வாசலிலும் சாக்குகளைத் தொங்கவிட்டு இருட்டாக்கினோம். துரையும் துரைசானியும் முன்னால் நாற்காலியில். ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். ஆங்கிலப் படம் என்றால் கதையை மைக்கில் தமிழில் சொல்வது என் வேலை. அன்று எனக்கு ஒரு யோசனை தோன்றியது. "அண்ணே, நீங்க போய் வந்தவர். நீங்களே சொல்லுங்க" என்று மைக்கை அவர் கையில் கொடுத்தேன். அவர் வேண்டாம் என்றார். கூட்டம் கைதட்டியது. நானும் விடவில்லை.

முதலில் நன்றாகத்தான் சொன்னார். இது கோவேறு கழுதை, மலை மேல துப்பாக்கி தூக்கிட்டுப் போகும். இது பங்கர், பதுங்குற குழி, உள்ள தண்ணி முழங்கால் வரைக்கும் நிக்கும். கூட்டம் சிரித்தது. துப்பாக்கி சுடுகிற சத்தம் வந்ததும் பையன்கள் கூச்சலிட்டார்கள். திரையில் சிப்பாய்கள் ஓடையைக் கடந்து பின்வாங்கினார்கள். காயம்பட்ட ஒருவனை மரத்தடியில் சாய்த்து வைத்து, பக்கத்தில் தண்ணீர்க் குப்பியை வைத்தார்கள். அவன் ஏதோ கேட்டான். மற்றவன் தலையாட்டினான். படத்தில் அது ஒரு நிமிஷம்கூட இல்லை.

ஒலிபெருக்கியில் சத்தமில்லை. மைக் பழுதோ என்று எழுந்தேன். அப்போது அவர் குரல் வந்தது.

"அவன் செத்துட்டான்னு நெனக்காதீங்க. உசுரு இருக்கு. திரும்பி வருவியாடான்னு கேக்குறான். வர்றேன்னு சொல்றாங்க. வரமாட்டாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினார். பிறகு, எங்களிடம் பேசுகிற குரலே இல்லை அது. "காளிமுத்து, நான் வரலடா. என்னை விடல. நானும் வரல."

பெண்கள் பக்கத்தில் அழகம்மா எழுந்தாள். வாசல் சாக்கை விலக்கிக்கொண்டு வெளியே போனாள். பகல் வெளிச்சம் உள்ளே வந்து திரை வெளிறிப் போயிற்று. படம் ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் மட்டும் கேட்டது. துரைக்குத் தமிழ் தெரியும். அவர் எழுந்து படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் பங்களாவுக்கு நடந்தார். அந்தத் தோட்டத்தில் அதன் பிறகு யுத்தப் படம் எதுவும் காட்டப்படவில்லை.

மறுநாள் அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். ஸ்ட்ரெச்சர் துணியைக் கழுவி அலசிக்கொண்டிருந்தார். "மைக்கத்தானே நீங்க குடுத்தீங்க. பேசுனது நான். அத நீங்க எடுத்துக்காதீங்க" என்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

லயத்தில் பேச்சு இரண்டாகப் பிரிந்தது. கூட்டாளியைக் காட்டில் விட்டுவிட்டு வந்தவன் என்று சிலர் அவர் காதுபடவே சொன்னார்கள். கோயில் கமிட்டியிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். பொய் சொல்லியாவது ஒரு பொம்பளை மனசைக் காப்பாற்றினானே என்றவர்களும் உண்டு. அவர் வெட்டி வைத்த விறகு லயத்தில் அழகம்மாவின் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் அப்படியே நனைந்து கிடந்தது. அந்த வருஷம் பங்குனி அமாவாசையில் அவள் படையல் வைக்கவில்லை. வழக்கம்போலக் கொழுந்து பறிக்கப் போனாள்.

பல மாதங்கள் கழித்து ஒரு காலையில் இருமலுக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரி விறாந்தையில் நான் உட்கார்ந்திருந்தேன். அழகம்மா கூடையோடு வந்து சந்தனம் அண்ணனுக்கு முன்னால் நின்றாள்.

"அண்ணே, அந்தப் படத்துல வந்த மாதிரிதானா?"

"ஆமா தாயி."

"முழுசா சொல்லுங்க. எதையும் விடாம சொல்லுங்க."

நான் எழுந்து போகப் பார்த்தேன். "வாத்தியாரும் இருக்கட்டும்" என்றாள் அவள்.

அவர் சொன்னார். தூக்க ஒரு ஸ்ட்ரெச்சர், காயம்பட்டவர்கள் இரண்டு பேர். காளிமுத்துவுக்கு வயிற்றில் காயம். பிழைக்க மாட்டான், மற்றவனைத் தூக்கு என்று அதிகாரி உத்தரவு போட்டார். காளிமுத்துவை ஏற்கெனவே தூக்கியிருந்தார்கள். அவனைக் கீழே இறக்கி வைத்துவிட்டுத்தான் மற்றவனை ஏற்றினார்கள். மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிய பிறகு திரும்பிப் போக அனுமதி கேட்டார் சந்தனம் அண்ணன். விடவில்லை. மறுநாள் அந்த இடம் எதிரி கையில்.

"நான் இறக்கி வெச்சேன். என் கையாலதான்" என்றார்.

அழகம்மா அழவில்லை. "அப்ப அவரு எந்த நாள்ல போனாரு?"

"தெரியாது தாயி. அதுதான் தெரியாது. உனக்கு ஒரு நாள் வேணுமேன்னு அமாவாசையச் சொன்னேன்."

கீழே வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் யாரோ பெயர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் நின்றாள்.

"நீங்க விட்டுட்டு வந்த நாள் தெரியுமா?"

"மாசி மாசம். மலைய விட்டு எறங்கறப்ப மூணாம் பிறை தெரிஞ்சுச்சு."

"அப்ப அதுதான் எனக்கு நாள்" என்றாள். "மாசி மூணாம் பிறைக்கு வீட்டுக்கு வாங்க. வயித்துவலின்னு சொல்லிறாதீங்க."

அவர் போனார். அந்த வருஷமும் அதன் பின் எல்லா வருஷமும் போனார். முதல் தடவை அவருக்குப் பக்கத்தில் நான் இருந்தேன். இலையில் சோறு போட்டதும் அவர் கை எழவில்லை. அழகம்மாவின் மகள் குழம்பை ஊற்றிவிட்டு, "மாமா, சாப்பிடுங்க மாமா" என்றாள். தகப்பன் முகம் தெரியாத பிள்ளை. அவர் குனிந்து சாப்பிட்டார். அதன் பிறகு கோயில் கமிட்டியில் அவர் பெயரை யார் சேர்த்தது என்று எனக்குத் தெரியாது. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

அவர் நிம்மதி அடைந்தார் என்று நான் எழுத மாட்டேன். நோயாளியை இறக்கி வைத்த பிறகும் ஸ்ட்ரெச்சரின் பிடியை உடனே விட மாட்டார். யாராவது விரலைத் தொட்டுச் சொல்ல வேண்டும். கடைசி வருஷங்களில் நெஞ்சுச்சளி அவரைப் பிடித்தது. மலை ஏற முடியாமல் போயிற்று. பிரஜாவுரிமை இல்லையென்று இந்தியாவுக்கு அனுப்புகிறவர்களின் பட்டியலில் தன் பெயர் வரும் என்ற பேச்சையும் அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். மழை பெய்தது. குழிமேட்டில் மண் தள்ளித் திரும்பியதும், திருச்சிப் பக்கத்து ஊரில் உள்ள அவர் தமையனுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று அழகம்மா என்னைக் காம்பராவுக்கு அழைத்துப் போனாள். வாத்தியார் வேலையில் இப்படி எத்தனையோ மரணக் கடிதங்களை எழுதியிருக்கிறேன். எல்லாவற்றிலும், கஷ்டமில்லாமல் அமைதியாகப் போனார் என்று ஒரு வரி எழுதுவேன். அது உண்மையா என்று யாரையும் கேட்டதில்லை. அன்றும் கை தானாக அந்த வரிக்குப் போனது.

நிறுத்தி, "எப்படிப் போனாரு அழகம்மா?" என்று கேட்டேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். சந்தனம் அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இதுதான்: கேட்டு எழுதுவது, தெரியாததைத் தெரியாது என்று எழுதுவது. கடிதம் இப்படி முடிந்தது:

"உங்கள் தம்பி கடைசி இரண்டு நாளும் மூச்சுவிட மிகவும் கஷ்டப்பட்டார். மருந்து கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை, பெரட்டுக்கு மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் உயிர் பிரிந்தது. காளிமுத்துவின் மனைவி அழகம்மா பக்கத்தில் இருந்தார். அந்த இரண்டு நாளும் அழகம்மா எழுந்து வெளியே போகவில்லை."