பம்ப் அறைப் பிள்ளையார்

என் தம்பி ரமணன் தஞ்சோங் பகாரில் ஒரு வங்கிக் கட்டடத்தில் ஏர்கான் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தபோது, அந்த வட்டாரத்தில் அதுதான் உயரம். புக்கிட் மேராவில் எங்கள் வீட்டுக் காரிடாரில் நின்றால் அதன் உச்சி தெரியும். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவேன்.

"பேங்க்ல வேலைன்னு பெருமையா சொல்றியேக்கா, நான் பேஸ்மென்ட்ல பைப்புக்கு நடுவுல கிடக்கிறேன்" என்று சிரிப்பான்.

அந்தக் கீழ்த்தளத்தில், தண்ணீர் பம்புகள் ஓடும் அறையில், சிறிய கருங்கல் பிள்ளையார் ஒன்று இருந்தது. கட்டடம் எழும்பும்போது வடிவேலு என்ற ஊழியர் சாரம் சரிந்து இறந்துபோனார். அவர் நினைவாக, உடன் வேலை செய்தவர்கள் வைத்தது. அவர்கள் ஊர் திரும்பிய பிறகு, பிள்ளையாரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பலர் கைமாறித் தம்பியிடம் வந்தது. வடிவேலுவை அவன் பார்த்ததே இல்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை பூ வைக்கத் தவறமாட்டான். தீப்பிடிக்கக்கூடாது என்று எண்ணெய் விளக்கை எடுத்துவிட்டுச் சின்ன மின்விளக்கு மாட்டியதும் அவன்தான்.

பிறகு வங்கி வேறிடம் போனது. மாடி மாடியாக விளக்கணைந்தது. காலிக் கட்டடத்தைக் காக்க வைத்துக்கொண்ட சிலரில் தம்பியும் ஒருவன். கடைசியில், அரசாங்க அலுவலகங்கள் வருவதென்று முடிவானது. தம்பியை மேற்பார்வையாளராக்கினார்கள். அதே வாரம், புதிய நிர்வாகி ஹம்னா பம்ப் அறையைப் பார்த்துவிட்டு, சாமி சிலை இருக்கக்கூடாது என்றார்.

தம்பியின் கீழ் வேலை செய்யும் வெங்கட்டுக்குக் கொஞ்சம் வாய்த்துடுக்கு. "பதவி வந்ததும் பிள்ளையாரைக் கைவிட்டுட்டீங்களாண்ணே? போய்ப் பேசுங்க."

தம்பி போய்ப் பேசினான். ஹம்னா ஒளிக்காமல் சொன்னாராம்: "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குண்ணே. ஆனா இது எல்லாருக்கும் பொதுவான ஆபீஸ்லா. ஒருத்தருக்கு விட்டா, அடுத்தவருக்கு எப்படி நோ சொல்றது?"

அன்று வீட்டில் அவன் சாப்பிடவில்லை.

"அவங்க சொல்றது சரிதான்க்கா. பிள்ளையாருக்கு எங்க வேணாலும் இடம் கிடைக்கும். வடிவேலுவுக்கு அங்க மட்டும்தான். சிலையை எடுத்துட்டா, அப்படி ஒரு ஆள் இருந்தார்னே யாருக்கும் தெரியாது."

"பேரை எழுதி மாட்டலாமே."

"சுவத்துல ஆணி அடிக்கவே பர்மிஷன் வேணும்."

சனிக்கிழமை அவனே பிள்ளையாரைக் குளிப்பாட்டி, மஞ்சள் துணியில் சுற்றி, டாக்சியில் மடியில் வைத்துக் கொண்டுவந்தான். இப்போது எங்கள் சாமி மாடத்தில் இருக்கிறார். தேக்கா சந்தையில் பூ வாங்கி வருவது என் வேலை.

வேலை தொடங்குமுன் ஊழியர்களைக் கூட்டிப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது அங்கே வழக்கம். தம்பி அந்தக் கூட்டத்தைப் பம்ப் அறைக்கு மாற்றினான். தலைக்கவசம், கயிறு எல்லாம் சரிபார்த்த பிறகு, இந்தக் கட்டடத்தில் வடிவேலு எப்படி இறந்தார் என்று சொல்வான். சொல்லாமல் யாரையும் ஏணியில் ஏற விடுவதில்லை. ஹம்னா ஒருநாள் பின்னால் நின்று கடைசிவரை கேட்டுவிட்டுப் போனாராம்.

போன மாதம் தம்பி காய்ச்சலில் படுத்திருந்தான். காலையில் வெங்கட்டிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, மீட்டிங்ல நான்தான் பேசிக்கிட்டிருக்கேன். வடிவேலு எந்த ஊருன்னு புது ஆளுங்க கேக்கிறாங்க."

தம்பி எழுந்து உட்கார்ந்தான். "பட்டுக்கோட்டைப் பக்கம்டா. அவசரப்படாம, முழுசா சொல்லு."