சிவப்பு வார் செருப்பு

இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். குணபூசணி இன்றும் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறாள். கேட்டால் தேதி, மணி எல்லாம் சரியாகச் சொல்வாள். கூட்டிச் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. பேசும் பழக்கமே குறைவு.

1993 ஜூன். லண்டனில் படிப்பு முடிந்து மூன்று தோழிகள் ஊர் திரும்ப வேண்டிய நேரம். இரசாயனம் படித்த குணபூசணி. பண்டமாரானைச் சேர்ந்த வாயாடி தனலெட்சுமி. குணபூசணியின் பக்கத்து வீட்டிலேயே வளர்ந்த நேசம்மா. நேசம்மாவுக்கு ஆகஸ்டில் கல்யாணம். அதற்கு முன் மூவரும் ஒருமுறை சேர்ந்து சுற்றிவிட வேண்டும் என்று வெயில் அடிக்கும் ஊராகப் பார்த்து, லிஸ்பனுக்கு நான்கு நாள் கிளம்பினார்கள்.

"உன்னை நம்பித்தாம்மா விடுறேன். என் பிள்ளையைப் பத்திரமாக் கூட்டிட்டு வா" என்று நேசம்மாவின் அம்மா போனில் சொன்னது குணபூசணியிடம்தான்.

17ஆம் தேதி, வியாழக்கிழமை. பழைய விடுதி. மூன்றாம் மாடி, ஏழாம் அறை. வீட்டில் செய்வதுபோலவே மூவரும் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். ஐந்து நிமிடத்தில் கதவு தட்டப்பட்டது. விடுதிக்கார அம்மாள் நின்றாள். கையில் மூன்று ஜோடிச் செருப்பு. அவற்றை உள்ளே வைத்துவிட்டுப் படபடவென்று ஏதோ சொன்னாள். ஒரு சொல்கூடப் புரியவில்லை. கடைசியில் ஒரு தாளில் நான்கு வரி எழுதி, குணபூசணியின் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

"ரூம் ரூல்ஸ் லா. சுடுதண்ணி எத்தனை மணிக்குன்னு எழுதியிருப்பாங்க" என்றாள் தனலெட்சுமி.

"செருப்பை உள்ள வைக்கச் சொல்றாங்க போல..." என்றாள் குணபூசணி.

"ரோட்டு அழுக்கோடயா? சீ! எங்கம்மா பார்த்தா கன்னத்துலயே போடுவாங்க. ஏய் பூசணி, எடுத்து வெளிய வைடி."

குணபூசணி எடுத்து வெளியே வைத்தாள். தாளை டைரிக்குள் செருகினாள்.

வெள்ளிக்கிழமை வெயில் கொளுத்தியது. ஒரு மணிக்கே அறைக்குத் திரும்பினார்கள். மற்ற இருவரும் படுத்ததும் தூங்கிவிட்டார்கள். தெருவிலும் சத்தம் அடங்கிவிட்டது. ஊரே தூங்குவதுபோல் இருந்தது. சரியாக 2.10.

டக்...

வாசலில். யாரோ செருப்பை மாட்டி, ஓர் எட்டு வைத்துப் பார்ப்பதுபோல்.

டக்...

குணபூசணி கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. மூன்று ஜோடியும் இருந்தன. ஆனால் நேசம்மாவின் சிவப்பு வார் வைத்த குதிகால் செருப்பு மட்டும் திரும்பியிருந்தது. கழற்றும்போது முனை கதவைப் பார்த்திருந்தது. இப்போது படியைப் பார்த்தது. தொட்டாள். உள்ளே இளஞ்சூடு. கழற்றி ஒரு மணி நேரம் ஆகிறது. அங்கே வெயில் எட்டாது.

திருப்பி வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை. 2.10.

டக்... டக்... டக்...

கதவைத் திறந்தாள். சிவப்புச் செருப்பு படிக்கட்டில் இருந்தது. இடது மேல்படியில். வலது அடுத்த படியில்.

உள்ளே ஓடிவந்தாள். நேசம்மா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். குளித்துவிட்டுப் படுத்தவள். அவள் உள்ளங்கால் இரண்டும் கரிய புழுதி.

சொல்லலாமா? கல்யாணப் பெண். பயந்துபோவாள். தனலெட்சுமி சிரிப்பாள். ஈரத்துணியால் அந்தக் கால்களை மெதுவாகத் துடைத்தாள். செருப்பைக் கொண்டுவந்து நேசம்மாவின் கட்டிலுக்கடியில் வைத்தாள். கதவைப் பூட்டினாள். சாவியைக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. 2.10.

டக்...

அறைக்குள்.

டக்... கதவுக்கு வெளியே.

டக்... டக்... படியில்.

கீழே... இன்னும் கீழே...

கட்டிலுக்கடியில் பார்த்தாள்.

இல்லை.

கதவு பூட்டியே இருந்தது.

"என் செருப்பை யாரோ அடிச்சிட்டுப் போயிட்டாங்கடி! புதுசு வாங்கிக் குடு பூசணி, கல்யாணப் பரிசா" என்று நேசம்மா எழுந்ததும் சிரித்தாள். மறுநாள் தனலெட்சுமியின் செருப்பைப் போட்டுக்கொண்டு விமானம் ஏறினாள்.

24ஆம் தேதி, வியாழக்கிழமை. பிரிக்பீல்ட்ஸில், தன் வீட்டில், சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்த நேசம்மா எழுந்திருக்கவில்லை. இருதயம் என்றார்கள். இருபத்து மூன்று வயது. இரவு 8.10. குணபூசணி நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். லிஸ்பனில் பிற்பகல் 2.10.

மறுநாள் துக்க வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. எல்லாம் வீட்டைப் பார்த்தபடி. நடுவில் ஒரு ஜோடி மட்டும் ரோட்டைப் பார்த்திருந்தது.

சிவப்பு வார்.

குணபூசணி நேசம்மாவின் அம்மாவைக் கூப்பிட்டு வருவதற்குள் அது அங்கே இல்லை.

மூன்று மாதம் கழித்து குணபூசணி ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். உடன் வேலை செய்தவள் மலாக்காவைச் சேர்ந்த போர்த்துகீசிய வழிவந்த பெண். டைரியில் இருந்த தாளை அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

'செருப்பை வாசலில் விடாதீர்கள். விட்டு, அது படியைப் பார்த்துத் திரும்பினால் உடனே என்னிடம் வாருங்கள். எந்த நேரமானாலும் என்னை எழுப்புங்கள். மூன்றாம் நாள் வரைக்கும் தடுக்க முடியும்.'

லிஸ்பனில் அந்த விடுதிக்கார அம்மாள் எல்லா நாளும் படிக்கட்டின் அடியில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். குணபூசணி இறங்கி வரும்போதெல்லாம் புருவத்தை உயர்த்திப் பார்ப்பாள்.

குணபூசணி ஒவ்வொரு முறையும் கூச்சத்துடன் சிரித்துவிட்டு வெளியே போனாள்.