ஷிமேக்காவின் மூட்டை

பின்கட்டுக் கதவை அரை முழம் நகர்த்தித் தலையை நீட்டுகிறாள் ஷிமே. முட்டை வேண்டுமா, முள்ளங்கி வேண்டுமா என்று கேட்பதில்லை. “அப்புறம்?” என்கிறாள். போன வியாழக்கிழமை விட்ட இடத்திலிருந்து அந்த வீட்டுக்காரி தொடர வேண்டும். தொலைக்காட்சிப் பெட்டியை மாமனார் அறையில் வைப்பதா, கூடத்தில் வைப்பதா என்ற சண்டை எதில் முடிந்தது? மாமியார் வாய் திறந்தாளா இல்லையா? கதை கேட்டபடியே கூடையை இறக்கி, இருப்பதை எடுத்து வைப்பாள்.

டோக்கியோவில் யனாகா சந்துகளில் அவளுக்கு முப்பத்திரண்டு வீடுகள். எதை வாங்குவது என்று அந்த வீட்டுப் பெண்கள் முடிவு செய்வதாக நினைத்தால் ஏமாந்தோம்.

“நேத்து ராத்திரி என்ன தின்னீங்க?”

“நூடுல்ஸ்.”

“முந்தாநாள்?”

“அதுவும் நூடுல்ஸ்தான்.”

“வெளங்கிடும். இந்தா, ரெண்டு கட்டு கீரை. வேணாம்னு சொல்லாத, ஒம் மூஞ்சியே வெளுத்துக் கெடக்கு.”

யாரும் மறுப்பதில்லை. ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் அவள் மூச்சு விட்டதுமில்லை. அதனால்தான் பெற்ற தாயிடம் சொல்லாததைக்கூட இவளிடம் கொட்டுகிறார்கள். அறுபத்து மூன்று வயதில் இந்தப் பெண்பிள்ளைக்கு எதற்கு இத்தனை ஆவல் என்று கேட்டால், “தெரியாம தூக்கம் வரலியே, என்ன செய்ய?” என்று அவளே சிரிக்கிறாள்.

இன்பா ஏரிக்கரை ஊரிலிருந்து விடியற்காலை ரயில். அதன் கடைசிப் பெட்டி, சுமை தூக்கி விற்கும் பெண்களுக்கென்றே விட்டது. எல்லாரும் கருநீல உடுப்பு, தலையில் வெள்ளைத் துண்டு. முதுகில் ஏறும் மூட்டையை வைத்துத்தான் அங்கே மதிப்பு. ஷிமேயின் மூட்டை நான்கு அடுக்குக் கூடை, தலைக்கு மேலே ஒரு சாண் நிற்கும். நடைமேடைப் பலகையில் அதை வைத்து, முதுகு காட்டி உட்கார்ந்து, வாரில் கையை நுழைத்து, முன்னால் சாய்ந்து எழ வேண்டும். ஒருத்தி எழும்போது மற்றவள் கை கொடுக்க மாட்டாள். கொடுத்தால் அவளைக் கிழவி என்று சொன்ன மாதிரி.

அந்த வழக்கம்தான் இப்போது ஷிமேயைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. மாசியில் உறைபனி வரப்பில் வழுக்கி விழுந்தாள். பத்துக் கிலோவுக்கு மேல் தூக்கினால் படுக்கைதான் என்றார் வைத்தியர். மகன் தொமேஜி அதற்கு மேலே போனான். “இன்னொரு தடவ இடுப்பப் புடிச்சேன்னு வை, கூடையெல்லாம் அடுப்புக்குத்தான். ஒழுங்கா வீட்ல ஒக்காரு.” வீட்டில் உட்கார்ந்தால் அந்த முப்பத்திரண்டு வீட்டிலும் அப்புறம் என்ன ஆனது என்று யார் வந்து சொல்வார்கள்?

முட்டை உடையாமலிருக்க உமியில் புதைத்துக் கொண்டுபோவது எல்லாருடைய பழக்கம். ஷிமே இப்போது மேல் கூடையில் மட்டும் சரக்கு வைக்கிறாள். கீழே மூன்று கூடையிலும் வெறும் உமி. உயரம் இம்மியும் குறையவில்லை. பாரம் காட்ட முனகுவதுதான் சிரமமாக இருந்தது. சுமை இல்லாமல் முனகல் இயல்பாக வருவதில்லை. கோழிக் கூண்டுக்கு முன்னால் நின்று இரண்டு நாள் பழகினாள்.

விற்பனை கால் பங்காகிவிட்டது, அது போகட்டும். விஷயம் கசியாமல் இருக்க வேண்டும். அந்தப் பெட்டியில் காலையில் ஒருத்தி தும்மினால் சாயங்காலம் ஊரில் கஷாயம் கொதிக்கும். அதிலும் ஹாட்சு இருக்கிறாளே, அப்பப்பா! நாற்பத்தைந்து வயது, எழுபது கிலோ தூக்குவாள், வாய் அதைவிடப் பெரிது.

“என்ன ஷிமேக்கா, இப்பல்லாம் முனகல் முன்னாடி வருது, மூட்டை பின்னாடி வருது?” என்றாள் ஒரு நாள். பெட்டியே சிரித்தது. ஷிமேயும் சிரித்து வைத்தாள். மறுநாளிலிருந்து மூட்டை முதுகில் ஏறிய பிறகே முனகினாள்.

நேற்று வியாழக்கிழமை. யனாகா முடிதிருத்துகிறவரின் மகளை மூன்றாம் முறையாகப் பெண் கேட்க ஒரு போலீஸ்காரன் வருவதாக இருந்தது. ஷிமேக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாதி வழியில் ஒரு நிலையத்தில் ரயில் பழுதாகி நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கிப் படியேறி எதிர் நடைமேடைக்குப் போங்கள், அங்கே வரும் வண்டி வெகுநேரம் நிற்காது என்று ஊழியர் கத்தினார். பதினெட்டுப் பெண்களும் சடசடவென்று எழுந்தார்கள். வாரில் கையை நுழைத்து ஷிமே முன்னால் சாய்ந்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. பாசாங்கு இல்லாத முனகல் ஒன்று வந்தது.

“வாரைக் கழட்டு, நான் கொண்டாறேன்” என்று ஹாட்சு குனிந்தாள். தன் மூட்டையை ஏற்கெனவே முதுகில் ஏற்றியிருந்தாள்.

“வேணாம் ஹாட்சு! தொடாத!”

அதற்குள் வாரை உருவித் தூக்கிவிட்டாள். எழுபது கிலோவுக்குப் பழகிய கை. மூட்டை காற்றாய் மேலே வர, அவளே ஓர் அடி பின்னால் தடுமாறினாள். கூடைப் பின்னலில் கசிந்து இரண்டு உமி உதிர்ந்தது. ஹாட்சு அதைப் பார்த்தாள். ஷிமேயைப் பார்த்தாள். ஷிமே கண்ணை மூடிக்கொண்டாள்.

மூட்டை மறுபடி தரையில் உட்கார்ந்தது. ஹாட்சு உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொண்டாள். முழங்காலை மடக்கி, பல்லைக் கடித்து, இரண்டு கையாலும் மெல்ல மெல்லத் தூக்கினாள்.

“அடியாத்தி! கல்லையா அடுக்கி வெச்சிருக்கா? ஒருத்தியும் கிட்ட வந்துராதீங்கடி, இடுப்பு போயிரும்!”

ஷிமே படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்னாலேயே ஏறினாள். பாதிப் படியில் ஹாட்சு நின்றாள். மூட்டையை இடுப்பில் முட்டுக்கொடுத்துக்கொண்டு, தலைத்துண்டை அவிழ்த்து, துளி வியர்வை இல்லாத நெற்றியை எல்லாரும் பார்க்க அழுத்தித் துடைத்தாள்.