மூன்றாம் மாடி ஷட்டர்

ஜெர்மனியின் டோர்ட்மண்டில், எங்கள் எதிர்க்கட்டிடத்து மூன்றாம் மாடியில் அவர் தனியாக இருந்தார். பென்ஷன் எடுத்த யாழ்ப்பாணத்துக்காரர். குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளும் கம்பளித் தொப்பியைக் கழற்றமாட்டார். விடிந்ததும் ஜன்னல் ஷட்டரை உயர்த்தி, என் பக்கத்து வீட்டு ஜெர்மன் மூதாட்டிக்குக் கை காட்டுவார்.

“குளிருக்கு ஊரில போய் இருக்கலாமே, அண்ணை. வீடும் சும்மா கிடக்குது” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஓம், போகலாம். இஞ்ச ஷட்டர் ஏறாட்டி அந்த மனுசி வந்து கதவைத் தட்டுவா. அங்க நான் எழும்பேல்லை எண்டு ஆர் பாக்கிறது?”

இந்தக் குளிருக்கு, முழங்கால் வலி தாங்காமல் ஊருக்குப் போய்விட்டார். ஷட்டர் மூடியே கிடக்கிறது. விஷயம் தெரிந்தும் மூதாட்டி காலையில் எட்டிப் பார்க்கிறார், நானும் பார்க்கிறேன். பிறகு, அங்கே மத்தியானம் ஆகியிருந்தாலும், யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுக்கிறேன். “ஓம், எழும்பிட்டன்” என்று அவர் சொல்லும்வரை நான் தேத்தண்ணி குடிப்பதில்லை.